குழந்தையின் கண்ணாடிச் சீட்டைப் படிப்பது எப்படி?

போன வருடம் மாட்டுத்தாவணியில் நிற்கும்போது மகள் கேட்டாள்: "அம்மா, அது மேலூர் பஸ்ஸா?" பஸ் பத்தடி தள்ளித்தான் நின்றது. மறுவாரமே கண் டாக்டரிடம் போய் ஒரு சீட்டோடு வந்தோம். அந்தச் சீட்டைப் புரிந்துகொள்ளத் தெரியாமல் கண்ணாடிக் கடையில் சண்டை வேறு போட்டேன். நீங்கள் போடாமல் இருக்க இது.

முதலில் எந்தக் கண் என்று பாருங்கள். ஓ.டி. அல்லது ஆர்.ஈ. என்றால் வலது, ஓ.எஸ். அல்லது எல்.ஈ. என்றால் இடது.

அடுத்து எஸ்.பி.எச். கட்டம். நாம் 'பவர்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை: பக்கத்தில் தெரியும், தூரம் மங்கும். பெயரைக் கேட்டுப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மைனஸ் 2.00 உள்ள குழந்தைக்குக் கண்ணாடி இல்லாமல் அரை மீட்டர் வரைதான் தெளிவு. ப்ளஸ் என்றால் தூரப்பார்வை. எண்கள் கால் காலாக ஏறும்: 0.25, 0.50, 0.75. எழுதும்போது புள்ளி விடுபட்டு வெறும் 75 என்று இருந்தால் பதறாதீர்கள், அது முக்கால்.

இனி நான் தடுக்கி விழுந்த இடம்: சி.ஒய்.எல்., ஆக்சிஸ். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் ஒரு திசைக்கு மட்டும் கூடுதல் பவர் வேண்டும். அதுதான் சிலிண்டர். அதை எந்தச் சாய்வில் வைப்பது என்பதை 1 முதல் 180 வரையுள்ள ஆக்சிஸ் எண் சொல்லும். ஆக்சிஸ் பெரிய எண்ணாக இருப்பதால் கண் ரொம்பக் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அது கோணம், அவ்வளவுதான்.

டாக்டர் சீட்டில் மகளின் வலது கண்ணுக்கு மைனஸ் 1.00, சிலிண்டர் மைனஸ் 1.50, ஆக்சிஸ் 180. கடைக்காரர் கண்ணாடி உறையில் எழுதித் தந்ததோ மைனஸ் 2.50, ப்ளஸ் 1.50, ஆக்சிஸ் 90. மூன்று எண்ணுமே வேறு! "பிள்ளைக்குத் தப்பான கண்ணாடியைக் கொடுத்துவிட்டீர்களே" என்று நான் குரலை உயர்த்த, அவர் பொறுமையாக ஒரு துண்டுத் தாளை எடுத்தார்.

முதல் இரண்டு எண்ணையும் கூட்டுங்கள்: மைனஸ் 1.00, மைனஸ் 1.50, ஆக மைனஸ் 2.50. இது புது எஸ்.பி.எச். சிலிண்டரின் குறியை மட்டும் மாற்றுங்கள்: ப்ளஸ் 1.50. ஆக்சிஸைத் தொண்ணூறு நகர்த்துங்கள்: 90. உறையில் இருந்ததும் அதேதான். ஒரு திசையில் 1.00, குறுக்கே 2.50 என்ற ஒரே லென்ஸை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். தெப்பக்குளத்துப் படியை மேலே நின்று எண்ணினால் இறங்குபடி, கீழே நின்று எண்ணினால் ஏறுபடி, படி மாறவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு லென்ஸ் வழியே ஜன்னல் கம்பியைப் பாருங்கள். அப்புறம் ஸ்டியரிங் மாதிரி மெல்லத் திருப்புங்கள். லென்ஸுக்குள் கம்பி சாய்ந்தால் சிலிண்டர் இருக்கிறது.

6/12 போன்ற எண் பவர் அல்ல. மற்றவர்கள் 12 மீட்டரில் படிப்பதை உங்கள் பிள்ளை 6 மீட்டரில்தான் படிக்கிறது என்று பொருள். கண்ணாடி போட்டும் ஒரு கண் 6/6 வராவிட்டால் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள், சோம்பேறிக் கண்ணாக இருக்கலாம். சின்ன வயதிலேயே பார்த்துவிட்டால் சரி செய்வது எளிது.

கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போடாமல் குழந்தைக்குப் பவர் எழுதினால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் கண்ணை இறுக்கிச் சமாளித்துப் படித்துவிடுவார்கள், எண் தப்பாக வரும். லென்ஸ் என்றால் எனக்குப் பாலிகார்பனேட்தான், எளிதில் உடையாது. செல்போன் செயலியில் பி.டி. அளந்து ஆன்லைனில் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பி.டி. என்பது இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம். பிள்ளை வளர வளர அதுவும் கூடும், ஒவ்வொரு முறையும் கடையில் அளக்கச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: ஆக்சிஸ் 170 என்றால் தொண்ணூறு கூட்டி 260 ஆகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். 90 வரை இருந்தால் கூட்டுங்கள், அதற்கு மேல் போனால் கழியுங்கள். 170 என்றால் 80. சிலிண்டர் கட்டத்தில் டி.எஸ். என்று இருந்தால் அந்தக் கண்ணுக்குச் சிலிண்டரே இல்லை, இந்தக் கணக்கும் வேண்டாம்.