உபுண்டுவில் வெளியிலிருந்து இறக்கிய மென்பொருளை எங்கே வைப்பது?

உபுண்டுவின் சொந்த நிறுவியான ஏபிடி வழியாக நிறுவினால் இந்தக் கேள்வியே வராது. டார் கோப்பை (பல கோப்புகளைக் கட்டிவைத்த பொட்டலம்) நாமே இறக்கும்போதுதான் குழப்பம். பலரும் டவுன்லோட்ஸிலேயே பிரித்துப் போட்டு ஓட்டுவார்கள். ஒருநாள் அந்த ஃபோல்டரைக் காலி செய்யும்போது மென்பொருளும் சேர்ந்து போய்விடும்.

முதலில், /யுஎஸ்ஆர்/பின் ஃபோல்டர் பக்கம் போகாதீர்கள். அது ஏபிடியின் இடம். அதன் கணக்கில் இல்லாத கோப்பை அங்கே வைத்தால், அதே பெயரில் இன்னொன்று வரும்போது கேட்காமல் மேலெழுதிவிடும். பைத்தான் மொழியின் புதிய பதிப்பை கம்பைல் செய்து (மூலநிரலிலிருந்து ஓடும் கோப்பை உருவாக்கி), பிரிஃபிக்ஸை, அதாவது நிறுவும் இடத்தை, /யுஎஸ்ஆர் என்று கொடுத்த புத்திசாலி நான். அடுத்த முறை, கட்டளை அடிக்கும் டெர்மினலே திறக்கவில்லை. அதைத் தொடங்கிவைத்ததே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்தான்!

அப்புறம், யாருக்காக நிறுவுகிறீர்கள் என்று பாருங்கள். உங்களுக்கு மட்டும், அதுவும் ஒற்றைக் கோப்பு என்றால் ஹோமுக்குள் .லோக்கல்/பின் போதும். நிர்வாகி அனுமதி தரும் சுடோவே வேண்டாம். அந்த ஃபோல்டரைப் புதிதாக உருவாக்கினால் ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள். லாகின் ஆகும்போதுதான் .ப்ரொஃபைல் என்ற அமைப்புக் கோப்பு அதைப் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில்) சேர்க்கும். ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று பலர் முழிப்பது இங்கேதான்.

நீங்களே கம்பைல் செய்வதற்கு /யுஎஸ்ஆர்/லோக்கல். கம்பைலுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலானவற்றின் இயல்பான இடமே அதுதான். கோப்புகள் பின், லிப், ஷேர் என்று சிதறும் என்பதால் மூலநிரல் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்; பின்னால் மேக் அன்இன்ஸ்டால் கட்டளையால் நீக்க அது வேண்டும்.

முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் போல எல்லாம் ஒரே ஃபோல்டரில் வருகிறதா? அதற்கு /ஆப்ட்:

சுடோ டார் -எக்ஸ்எஃப் பிளெண்டர்.டார்.எக்ஸ்இசட் -சி /ஆப்ட்

சி மட்டும் பெரிய எழுத்து. பிரித்த ஃபோல்டரின் பெயரில் பதிப்பு எண்ணும் இருக்கும், அதை மாற்றாதீர்கள். உள்ளே இருக்கும் பிளெண்டர் கோப்புக்கு எல்என் -எஸ் கொண்டு /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் ஒரு லிங்க் (அந்தக் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போடுங்கள். புதிய பதிப்பு வந்தால் பக்கத்திலேயே பிரித்து, லிங்க்கை மட்டும் மாற்றினால் சரி. பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாம். எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான்.

கடைசியாக, எது ஓடும் என்று பார்க்க டெர்மினலில் ‘டைப் -ஏ பிளெண்டர்’ என்று அடியுங்கள். ஏபிடி நிறுவியதும் இருந்தால் இரண்டும் வரும். பாத்தில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் முன்னால் இருப்பதால், மேலே தெரியவேண்டியது உங்களுடையது.