டெக்சாஸ் வீட்டு வரி வாக்கெடுப்பு: கிரீன் கார்டோடு இருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

டெக்சாஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வீடு பார்க்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, கார் இன்ஷூரன்ஸ் எடுக்க வழி சொல்ல நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நவம்பர் மாத ஓட்டைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் என் நண்பர் ஒருவர் இன்று வழக்கறிஞர் வாசலில் நின்றுகொண்டிருக்க மாட்டார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க அக்கா, பேர் மட்டும் வேண்டாம்" என்றார்.

முதலில், இது என்ன ஓட்டு என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் ஓட்டு என்றால் ஒரு ஆளுக்கோ கட்சிக்கோ போடுவது. அரசமைப்பைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. 1950-இலிருந்து 106 முறை திருத்தியிருக்கிறார்கள். ஒரு முறைகூட நம் வாசலுக்கு வந்து சம்மதமா என்று கேட்டதில்லை. இங்கே கேட்கிறார்கள். டெக்சாஸ் அரசமைப்பு 1876-இல் எழுதப்பட்டது. எந்த வரியைப் போடலாம், எந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்பதெல்லாம் அதற்குள்ளேயே விலாவாரியாக இருப்பதால், சின்ன மாற்றத்துக்கும் அதைத் திருத்தியாக வேண்டும். இதுவரை 500 திருத்தங்களுக்கு மேல் ஆகிவிட்டன. சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில், ஜனவரியில் தொடங்கி 140 நாள் கூடுகிறது. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்த திருத்தம், ஆளுநர் கையெழுத்துகூட இல்லாமல் நேரே மக்களிடம் வருகிறது. பெரும்பாலும் அதே ஆண்டு நவம்பரில். இதைத்தான் 'ப்ராபசிஷன்' என்கிறார்கள்.

அதிபர் தேர்தல், ஆளுநர் தேர்தல் எதுவும் இல்லாத ஆண்டு அது. அதனால் தெருவில் ஒரு சலசலப்பும் இருக்காது. 2023 நவம்பர் 7 அன்று 14 ப்ராபசிஷன்கள் வந்தன. நீதிபதிகளின் ஓய்வு வயதை 75-லிருந்து 79 ஆக்கலாமா என்ற ஒன்றை மட்டும் மக்கள் நிராகரித்தார்கள். மற்ற 13-ம் தேறின. 2025 நவம்பர் 4 அன்று 17 வந்தன, 17-ம் தேறின. மறதி நோய் ஆராய்ச்சிக்கு 300 கோடி டாலர், விற்பனை வரியிலிருந்து தண்ணீர்த் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் வரை, கடைக்காரர் இருப்பில் உள்ள கால்நடைத் தீவனத்துக்கு வரிவிலக்கு எல்லாம் ஒரே சீட்டில் இருந்தன. பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்கூட இரண்டு முறையும் வரவில்லை. ஊரில் வேகாத வெயிலில் வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு வந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இது மனசே ஆறுவதில்லை.

சரி, நண்பர் கதைக்கு வருகிறேன்.

அவர் பல ஆண்டுகள் எச்-1பி என்ற வேலை விசாவில் காத்திருந்து, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வாங்கியவர். டாலஸுக்கு வடக்கே காலின் கவுண்டியில் வீடு வாங்கினார் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி). இங்கே மாநில வருமான வரி கிடையாது. அதை ஈடுகட்டுவதுபோல வீட்டு வரி கழுத்தை நெரிக்கும். 2023 செப்டம்பரில், பிள்ளையார் சதுர்த்திக்குப் பூவும் கொழுக்கட்டை மாவும் வாங்கப் போன இடத்தில், கடை வாசலில் ஒரு மேசை போட்டு வாக்காளர் பதிவு நடந்துகொண்டிருந்தது. தன்னார்வலராக நின்ற பையன் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருக்கிறான்: "சொந்த வீடா சார்? வீட்டு வரி குறையணுமா? நவம்பரில் அதுக்கு ஓட்டு வருது." அந்த ஆண்டின் நான்காவது ப்ராபசிஷன், சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு, வீட்டு வரியின் ஒரு பகுதியான பள்ளி வரியைக் கணக்கிடும்போது வீட்டு மதிப்பிலிருந்து கழிக்கும் தொகையை 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்த்துவது. நண்பர் தபால் அட்டை அளவே இருந்த அந்தப் படிவத்தை வாங்கி, குழந்தை ஒரு கையை இழுக்க, மறு கையால் பெயர், முகவரி, ஓட்டுநர் உரிம எண் எழுதி, கட்டங்களை டிக் செய்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். சில வாரத்தில் வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. நவம்பரில் போய் ஓட்டும் போட்டார்.

பிறகு ஒருநாள் என்னிடம் விளக்கியபோது அவர் சொன்னது இதுதான்: "கட்சித் தேர்தல் மாதிரி தோணலை அக்கா. வேட்பாளரே இல்லையே. நான் கட்டுற வரி பத்தித்தானே கேட்கிறாங்க, அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்ல வீட்டுக்காரங்க எல்லாரும் கை தூக்குற மாதிரின்னு நினைச்சேன்."

இந்த நினைப்புதான் பொறி. வேட்பாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டெக்சாஸில் ஓட்டு அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. சொந்த வீடு, கட்டிய வரி, இருபது ஆண்டு குடியிருப்பு எதுவும் கணக்கில் வராது. அவர் டிக் செய்த முதல் கட்டமே 'நீங்கள் அமெரிக்கக் குடிமகனா' என்ற கேள்வி. கையெழுத்துக்கு மேலே இருந்த பொடி எழுத்து, இதெல்லாம் உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்பது. அவர் இரண்டையும் படிக்கவில்லை.

நாம் இதில் விழுவதற்கு ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரில் அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்து, சான்றிதழ் பார்த்து, பட்டியலில் பெயரைச் சேர்ப்பார். பெயர் ஏறிவிட்டது என்றால் சர்க்கார் சரிபார்த்துவிட்டது என்று பொருள். இங்கே அந்த மேசையில் யாரும் உங்கள் பாஸ்போர்ட்டைக் கேட்க மாட்டார்கள். உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணோ எழுதினால் போதும். குடியுரிமைக்கு உங்கள் கையெழுத்தே சாட்சி. அது தவறாக இருந்தால் பொறுப்பும் முழுக்க உங்களுடையது. 'அட்டையை நீங்கள்தானே அனுப்பினீர்கள்' என்று அரசிடம் வாதாட முடியாது.

கிரீன் கார்டு கிடைத்து ஐந்து ஆண்டு முடிந்ததும் அவர் குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் போட்டார். எப்போதாவது குடிமகன் என்று சொல்லியிருக்கிறீர்களா, வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா, ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா என்று அதில் கேட்கிறார்கள். நேர்காணலில் அதிகாரி அதே கேள்வியைக் கேட்க, நண்பர் மறைக்காமல் உண்மையைச் சொன்னார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இப்போது கிரீன் கார்டே கேள்விக்குறியாகி நிற்கிறது. குடிமகன் என்று பொய்யாக உரிமை கோருவதும், சட்டத்துக்கு மாறாக ஓட்டுப் போடுவதும் குடிவரவுச் சட்டத்தில் நாட்டை விட்டே அனுப்பக்கூடிய குற்றங்கள். விதிவிலக்கு மிக மிகக் குறுகியது. நாட்டுக்கு வெளியே போய்த் திரும்பினால் விமான நிலையத்திலேயே பிரச்சினை வரலாம் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். திருநெல்வேலியில் அவர் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது அவரால் போக முடியவில்லை. வீடியோவில் கட்டுப்போட்ட கண்ணோடு அம்மா, "வேலை இருந்தா பரவாயில்லப்பா" என்றாராம். அவரிடம் இவர் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

அந்த ப்ராபசிஷன் எவ்வளவு ஆதரவில் தேறியது தெரியுமா? 80 விழுக்காட்டுக்கும் மேல். அவர் வீட்டிலேயே இருந்திருந்தாலும் அது தேறியிருக்கும், அவர் வரியும் குறைந்திருக்கும்.

ஆகவே எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசா, கிரீன் கார்டு என்று எதில் இருந்தாலும், குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாள் வரை வாக்காளர் பதிவு என்று எழுதிய எந்தக் காகிதத்தையும் தொடாதீர்கள். கடை வாசலில் மட்டுமல்ல, ஓட்டுநர் உரிமம் எடுக்கும் கவுண்டரிலும் இதே கேள்வி வரும். வேகமாக டிக் செய்துகொண்டே போகிற பழக்கத்தை அங்கே விட்டுவிடுங்கள். உங்களுக்காக இன்னொருவர் படிவம் நிரப்பினால் ஒவ்வொரு கட்டத்தையும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் மக்களே மனு போட்டு வாக்கெடுப்பு கொண்டுவரலாம் என்பதால் கடை வாசலில் கையெழுத்து வேட்டை நடக்கும். அதிலும் பதிவு செய்த வாக்காளர்கள் மட்டுமே கையெழுத்திடலாம். 'ஸாரி, நான் சிட்டிசன் இல்லை' என்று சொல்லிவிட்டு நகர்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஏற்கெனவே பதிவு செய்துவிட்டீர்கள் என்றால், இனி ஓட்டுப் போடாதீர்கள். நீங்களாகக் கவுண்டிக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். நண்பர்கள் குழுவில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். என்-400 போடும் முன்பே பாருங்கள். நேர்காணலுக்குப் பிறகு என்றால் கை கட்டப்பட்ட நிலைதான்.

முறையாகக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் ஒன்று. 2025 அக்டோபரில் மாநில அரசு வாக்காளர் பட்டியலை மத்திய அரசின் குடியுரிமைத் தரவுகளோடு ஒப்பிட்டு, குடிமக்களாக இல்லாமல் இருக்கலாம் என்று 2,724 பெயர்களைக் கவுண்டிகளுக்கு அனுப்பியது. குடியுரிமை பெற்ற சிலருக்கும் அதில் கடிதம் வந்தது. அப்படி வந்தால் 30 நாளுக்குள் பாஸ்போர்ட் அல்லது குடியுரிமைச் சான்றிதழின் நகலைக் காட்ட வேண்டும். விளம்பரத் தபால் என்று நினைத்துக் குப்பையில் போட்டால் பெயர் போய்விடும்.

மற்றபடி குடிமக்களுக்கு நடைமுறை சுலபம். தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். தேர்தல் நாளுக்கு முன்பே ஓட்டுப் போட விடும் எர்லி வோட்டிங் நாட்களில் கவுண்டிக்குள் எந்த மையத்துக்கும் போகலாம், கூட்டமே இருக்காது. டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம் அல்லது அமெரிக்கப் பாஸ்போர்ட் போதும். உள்ளே போனைத் தொடக்கூடாது, ஆனால் காகிதத்தில் குறிப்பு எழுதி எடுத்துப் போகலாம். 2025 மாதிரி 17 கேள்விகள் வந்தால் அது கட்டாயம் வேண்டும். ப்ராபசிஷனின் வாசகம் சட்ட மொழியில் ஒரே நீள வாக்கியமாக இருக்கும். அங்கே நின்று படித்துப் புரிந்துகொள்ள முடியாது. நான் முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் குறித்துக்கொள்வேன். பெரியவள் என்னோடு சண்டை போடுவாள். அந்த இரவு எனக்குப் பிடிக்கும். ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் அப்பா அம்மா குடியுரிமை பெற்றிருந்தால், துணைக்கு நீங்களே போகலாம். உறுதிமொழி எடுத்துக்கொண்டு வாசித்துச் சொல்ல விடுவார்கள்.

ஓட்டுரிமை இல்லாதவர்களுக்கு வரி விஷயத்தில் உண்மையில் உதவுவது வேறொன்று. 2025-இல் பதின்மூன்றாவது ப்ராபசிஷன் தேறியதால் பள்ளி வரிக் கழிவு 1,40,000 டாலர் ஆகிவிட்டது. பள்ளி வரி நூறு டாலருக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,400 டாலர் மிச்சம். ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன் என்கிற இந்தக் கழிவுக்குக் குடியுரிமை தேவையில்லை; எச்-1பியில் இருந்தாலும் சொந்த வீட்டில் குடியிருந்தால் கிடைக்கும். ஆனால் தானாக வராது. நாங்கள் முதல் ஆண்டு வீடு வாங்கியபோது பத்திரம் பதிந்ததும் எல்லாம் முடிந்தது என்றிருந்துவிட்டோம்; வரி பில் வந்தபோதுதான் கோட்டைவிட்டது தெரிந்தது. வீட்டு மதிப்பை நிர்ணயிக்கும் அலுவலகமான கவுண்டி அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்டில் விண்ணப்பம் போட வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரியே இருக்க வேண்டும், அதை முதலில் மாற்றுங்கள். கட்டணம் கிடையாது. 'பணம் அனுப்புங்கள், நாங்கள் செய்து தருகிறோம்' என்று வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள். தாமதமாகிவிட்டாலும் இரண்டு ஆண்டு வரை பின்தேதிக்குக் கேட்க வழி உண்டு.

வீட்டு மதிப்பை அதிகமாகப் போட்டிருந்தால் மே 15-க்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அதற்கும் ஓட்டு வேண்டியதில்லை. நண்பர் இந்த ஆண்டு அதைச் செய்தார். பக்கத்துத் தெருவில் விற்ற வீடுகளின் விலையை எடுத்துக்கொண்டு போய்ப் பேசி மதிப்பைக் குறைத்துக்கொண்டு வந்தார். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் எனக்குப் போன் செய்து, ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டினார்.