உப்பு திரும்பி வரும், ஆணி வராது

திருகோணமலையில் கடற்கரைப் பக்கம் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்குக் கறள் (இரும்புத் துரு) என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. அந்தக் கறளையும், நிலாவெளி உப்பளத்தில் விளைகிற உப்பையும் முற்றத்தில் சேர்த்தே செய்து பார்ப்போம். ஒன்று இரசாயன மாற்றம், மற்றது பௌதிக மாற்றம்.

தேவையானவை: கடல்நீர் 400 மி.லீ., பீங்கான் தட்டு இரண்டு, பூச்சில்லாத இரும்பு ஆணி நாலைந்து, பழைய வெள்ளைத் துணி. தகரத் தட்டு வேண்டாம்; ஏனென்று பிறகு சொல்கிறேன்.

படி 1: கடல்நீரைத் துணியில் வடித்து, தட்டுக்கு 200 மி.லீ. ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஆணிகளைப் போடுங்கள்.

படி 2: வெயிலில் வையுங்கள். காகம் கவிழ்க்காமல் மேலே நுளம்புவலைத் துண்டு. கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் மாதங்களில் செய்வது நல்லது. மாரி தொடங்கிவிட்டால் இந்த வேலையே வேண்டாம்.

படி 3: இனிப் பொறுமை. ஆணியில்லாத தட்டில் கன நேரத்துக்கு ஒன்றுமே தெரியாது. நீர் பத்தில் ஒரு பங்காக, அதாவது 20 மி.லீ. அளவுக்கு வற்றும்போதுதான் உப்புக் கட்டத் தொடங்கும். குனிந்து பாருங்கள்: விளிம்பில் குட்டிக் குட்டிச் சதுரங்கள். முழுதாகக் காய்ந்தால் ஏறக்குறைய 7 கிராம். கடைசி நீரில் மக்னீசிய உப்புகள் தங்குவதால் கசப்பு ஏறும். உப்பளக்காரர் அந்த நீரை வெளியே விட்டுவிடுவார்கள். நீங்கள் ருசி பார்க்க வேண்டாம், கரையோர நீரில் என்னென்ன இருக்குமோ.

மற்றத் தட்டில் ஆணியைச் சுற்றிச் செம்மஞ்சள் படியும். இரும்பு, ஒட்சிசன், நீர் மூன்றும் சேர்ந்து பிறந்த புதுப்பொருள் அது. உப்புநீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் கறள் பிடிப்பது வேகமாகிறது.

படி 4: எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஆணிகளை எடுத்துவிட்டு, அந்தப் பழுப்பு உப்பை அரைக் கோப்பை நல்ல தண்ணீரில் கரைத்து, நாலாக மடித்த துணியில் வடியுங்கள். கலங்கலாக இறங்கினால் இரவு முழுக்க அசைக்காமல் வைத்து, மேல்நீரை மட்டும் சரித்தெடுங்கள். அதைக் காய வைத்தால் வெள்ளை உப்பு திரும்பவும் வரும். துணியில் நின்ற கறளை எத்தனை தரம் அலசினாலும் அது கறள்தான்.

சரி, திரும்பி வந்தால் பௌதிகம், வராவிட்டால் இரசாயனம் என்று எழுதிக்கொள்ளலாமா? அங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். திருவிய தேங்காயை மறுபடி ஒட்ட முடியாது, ஆனாலும் அது பௌதிக மாற்றம். தேங்காய் தேங்காயாகவே இருக்கிறது. கறளைக் கரியோடு உலையில் சூடாக்கினால் இரும்பு திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவும் இரசாயன மாற்றமே. புதுப்பொருள் உண்டானதா என்பதைப் பாருங்கள்.

தகரத் தட்டுக் கதை: முதல் தடவை ஆணியே போடாமல் எனக்குப் பழுப்பு உப்பு வந்தது. கடல்தான் ஊத்தை என்று நினைத்து இன்னொரு போத்தல் அள்ளி வந்தேன். அதுவும் பழுப்பு. மூன்றாம் நாள் தட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறள் தின்ற ஓட்டை. அம்மா இப்போது அதில் கோழிக்கு நெல் வைக்கிறா.