குறைஞ்ச காசில வீட்டிலயே ஒரு சீஎன்சி றவுட்டர்

சீஎன்சி றவுட்டர் எண்டா கொம்பியூட்டர் சொல்லுறபடி தானா நகர்ந்து மரம் வெட்டுற மெசின். அதில காசைப் போடவேண்டிய இடம் மோட்டரும், அது சுத்தி வெட்டுற தலையை நகர்த்துற ஸ்குறூவும்தான், பிறேமுக்கு 18 மில்லிமீற்றர் பிளைவுட் காணும், எம்டிஎஃப் (மரநாரை அமத்திச் செய்த பலகை) மட்டும் வேண்டாம், யாழ்ப்பாணத்து மாரிக்கு ஈரம் குடிச்சு ஊதிப்போகும். வெட்டுற தலை வழுக்கி ஓடுற இரும்பு றொட்டுக்கு பழைய இரும்புக்கடையளில கழிச்சுவிட்ட போட்டோகொப்பி மெசின் கிடந்தா கழட்டுங்கோ, கண்ணாடியில உருட்டி நேரா இருக்கோ எண்டு பாத்திட்டு எடுங்கோ.

மூளைக்கு ஆடுயினோ ஊனோ எண்ட சின்னக் கொன்ட்றோல் போட், மேல மோட்டருக்குக் கரண்ட் குடுக்கிற டிறைவருகளைச் செருகுற சீஎன்சி ஷீல்ட், மெசினை ஓட்டுற ஜீஆர்பிஎல் எண்ட புறோகிறாமை இணையத்தில சும்மாவே இறக்கலாம். நேமா 17 அளவு ஸ்ரெப்பர் மோட்டர் (ஸ்ரெப் ஸ்ரெப்பாச் சுத்துறது) மரத்துக்குக் காணும், இரும்பு வெட்டுற ஆசையை விடுங்கோ.

எல்லாரும் குழம்புறது ஸ்ரெப் கணக்கில. ஒரு சுத்துக்கு 8 மில்லிமீற்றர் நகருற ஸ்குறூ, ஒரு சுத்துக்கு 200 ஸ்ரெப் மோட்டர், 16 மைக்றோஸ்ரெப் (ஒரு ஸ்ரெப்பை டிறைவர் 16ஆப் பிரிக்கிறது) எண்டா 200ஐ 16ஆல பெருக்கி வாற 3200ஐ 8ஆல பிரிச்சு மில்லிமீற்றருக்கு 400 ஸ்ரெப், அதைத்தான் ஜீஆர்பிஎல்லில மூண்டு அச்சுக்குமான $100, $101, $102 செற்றிங்கில அடிக்கோணும், பிறகு 100 மில்லிமீற்றர் ஓடவிட்டு அடிமட்டத்தால அளந்து பாருங்கோ, கூடக்குறைய இருந்தா அந்த விகிதத்தில மாத்துங்கோ.

கரண்ட் இருக்கேக்க மோட்டர் வயரைக் கழட்டாதேங்கோ, டிறைவர் செத்துப்போகும். வெட்டுறதுக்கு தச்சுவேலைக்காரர் பாவிக்கிற சின்னக் கை றவுட்டரே போதும், முதல்ல 1 மில்லிமீற்றர் ஆழத்தில ஓட்டுங்கோ, கண்ணுக்குக் கண்ணாடியும் தூளுக்கு மாஸ்க்கும் போட்டுக்கொண்டு.