இலைச்சாறு வேருக்கு உரமா, நஞ்சா? வெங்காயத்தை வைத்துச் சோதிக்கும் முறை

‘முருங்கையிலைச் சாறு வேரை வளர்க்கும், பார்த்தீனியச் சாறு கெடுக்கும்’ என்று என் மாணவர்கள் எழுதி வந்தால், எந்த அளவில் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவேன். முருங்கையிலையில் செல் பிரிதலைத் தூண்டும் சியாட்டின் இருக்கிறது. ஆனாலும் சாறு கெட்டியாக இருந்தால் வேர் தயங்கி நின்றுவிடலாம்.

1938இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஆல்பர்ட் லெவான், செல் பிரிதலைத் தடுக்கும் கால்ச்சிசின் என்ற தாவர நஞ்சின் விளைவை வெங்காய வேரில்தான் பார்த்தார். நமக்கும் அதுவே போதும். அறுவடையாகிச் சில வாரங்கள் ஆன, ஒரே அளவுள்ள சின்ன வெங்காயமாகப் பொறுக்குங்கள். புதுக் காய் எளிதில் வேர் விடாது. அடியில் காய்ந்த பழைய வேர்களைப் பிளேடால் சுரண்டுங்கள். அவற்றைச் சுற்றி வளையமாகத் தெரியும் வெளிர்நிற மேட்டில் பிளேடு படவே கூடாது. புது வேர் அங்கிருந்துதான் வரும்.

நிழலில் உலர்த்திய இலைத்தூள் 10 கிராமை 100 மி.லி. நீரில் ஓரிரவு ஊறவைத்து, மெல்லிய துணியிலும் பிறகு வடிதாளிலும் வடிகட்டுங்கள். இது 10 சதவீதச் சாறு. இதிலிருந்து 5, 1, 0.1 சதவீதக் கரைசல்களைத் தயாரியுங்கள். குழாய் நீரானால் குளோரின் போக முதல்நாளே திறந்து வையுங்கள். வெறும் நீர்க் குவளை கட்டாயம் வேண்டும். அது இல்லாத சோதனையை நான் பார்ப்பதே இல்லை.

ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து வெங்காயங்கள். அடிப்பகுதி மட்டும் கரைசலைத் தொடும்படி குவளை வாயில் உட்கார வைத்து, வெயில் படாத இடத்தில் நான்கு நாள் விடுங்கள். கரைசலைத் தினமும் மாற்றுங்கள். மீதிச் சாறு குளிர்பெட்டியில் இருக்கட்டும். புளித்த நெடி வந்தால் கொட்டிவிடுங்கள்; கிருமிகள் செய்த கேட்டை இலையின் தலையில் கட்டக் கூடாது.

பிறகு ஒவ்வொரு வெங்காயத்திலும் நீளமான ஐந்து வேர்களை அளந்து சராசரி காணுங்கள். வளைந்த வேர் மீது நூலைப் படியவைத்து, அந்த நூலை அளவுகோலில் நீட்டினால் சரியாக வரும். வெறும் நீர்ச் சராசரியை 100 என்று கொண்டால், 120 வருவது தூண்டல், 50 என்றால் வளர்ச்சி பாதி முடங்கிவிட்டது. நுனியையும் கவனியுங்கள்: பழுப்பு நிறம், கொக்கிபோல் வளைவு, வீக்கம் ஆகியவை நஞ்சின் அடையாளங்கள். அப்படிப்பட்டவற்றை நல்ல நீருக்கு மாற்றி இரண்டு நாள் பாருங்கள். வேர் மீண்டும் நீண்டால், அது தற்காலிகத் தடையே.

பார்த்தீனியத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அரளி இலையைச் சமையல் மிக்சியில் அரைக்கவே கூடாது.