பழங்காலப் பந்தயக் காரை முக்கால் அளவில் வீட்டிலேயே கட்டுவது எப்படி?

1920களிலும் 1930களிலும் ஐரோப்பாவில் ஓடிய பந்தயக் கார்களின் சாயலில், ஒருவர் ஏறி ஓட்டக்கூடிய சிறிய காரை வீட்டுப் பட்டறையில் கட்டும் பொழுதுபோக்குக்கு ‘சைக்கிள்கார்ட்’ என்று பெயர். இது அமெரிக்காவின் சான் டியேகோ பகுதியில் நண்பர்கள் சிலரிடம் தொடங்கியது. பின்னர் வாஷிங்டன் மாநிலத்தின் டையட்டன் என்னும் சிற்றூரின் தெருக்களில் பந்தயம் நடக்கும் அளவுக்கு வளர்ந்தது. அவர்களுடைய நெறிகள் எளியவை: 17 அங்குல மெல்லிய ஸ்போக் சக்கரங்கள், ஹோண்டா ஜிஎக்ஸ்200 போன்ற 196 சி.சி. தண்ணீர் பம்ப் இன்ஜின், ஏறத்தாழ 113 கிலோவுக்கு மேற்படாத எடை. வெல்டிங் தெரிந்த ஒருவரும் நல்ல லேத் பட்டறையும் அருகில் இருந்தால், தொடக்கநிலையில் உள்ளவரும் இதைக் கட்டிவிடலாம்.

முதற்படி: மாதிரியும் அளவும்

பழைய காரின் தோற்றம் அதன் விகிதத்தில்தான் இருக்கிறது. உயரமான மெல்லிய சக்கரங்களும் அவற்றுக்கு நடுவே ஒடுங்கிய உடலும் சரியாக அமைந்துவிட்டால், மற்ற அலங்காரங்கள் இல்லாமலே கார் 1926ஐச் சேர்ந்ததாகத் தெரியும். ஆகவே முதலில் சக்கரத்தை வாங்கி, எல்லா அளவுகளையும் அதிலிருந்து கணக்கிடுங்கள்.

நான் பரிந்துரைக்கும் மாதிரி, பிரெஞ்சுக் கார் நிறுவனமான புகாட்டி 1926இல் வெளியிட்ட டைப் 37. புகழ்பெற்ற டைப் 35இன் உடலமைப்பே இதற்கும் உண்டு. ஆனால் அதன் அலுமினிய வார்ப்புச் சக்கரங்களுக்குப் பதிலாக இதில் கம்பி ஸ்போக் சக்கரங்கள் இருந்தன என்பதால் நமக்கு இதுவே பொருந்தும். அசலில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2,400 மி.மீ.; இடது, வலது சக்கரங்களுக்கு இடைவெளி 1,200 மி.மீ.; டயரோடு சேர்ந்த சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 70 செ.மீ. அமெரிக்கர்களின் 17 அங்குலச் சக்கரத்துக்குப் பதிலாக நாம் எடுத்துக்கொள்வது நம்மூரில் எளிதாகக் கிடைப்பதை: டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டின் 16 அங்குலச் சக்கரம், 2.50 அளவு டயரோடு சுமார் 53 செ.மீ. விட்டம் கொண்டது. இது அசலில் முக்கால் பங்கு. அதே விகிதத்தில் அச்சு இடைவெளி 1,800 மி.மீ., சக்கர இடைவெளி 900 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுகளைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, அதன் நடுவில் உட்கார்ந்து, கால் நீட்டிப் பார்த்த பிறகே இரும்பு வாங்கச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: சேஸிஸ் (அடிச்சட்டம்)

50க்கு 25 மி.மீ. அளவும் 2 மி.மீ. கனமும் கொண்ட செவ்வகக் குழாய் போதும். கடையில் விற்கும் 6 மீட்டர் நீளத்தில் இரண்டு வாங்கினால் மிச்சமும் இருக்கும். நீள்குழாய்கள் முன்புறம் ஒடுங்கியும் ஓட்டுநர் அமருமிடத்தில் விரிந்தும் செல்ல வேண்டும். குறுக்குக் குழாய்களை முதலில் புள்ளி வெல்டாக மட்டும் பிடித்து, மூலைக்கு மூலை அளந்து, இரு அளவுகளும் ஒத்துவந்த பின் முழுமையாகப் பற்றவையுங்கள்.

மூன்றாம் படி: முன் அச்சும் ஸ்டியரிங்கும்

உங்கள் உயிர் இந்தப் பகுதியை நம்பியிருப்பதால், இங்கே அவசரமோ சிக்கனமோ கூடாது. மொபெட்டில் சக்கரத்தின் அச்சு இரு முனைகளிலும் ஃபோர்க்கால் தாங்கப்படுகிறது. நம் காரில் அது ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கப்பட்டிருப்பதால், அசல் மெல்லிய அச்சு வளைந்துவிடும். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் 6201 எண் பேரிங் இருந்தால், அதே 32 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட 6002 எண் பேரிங்கை அங்கே பொருத்தலாம். உள்துளை 12க்குப் பதிலாக 15 மி.மீ. ஆகும் என்பதால், ஹப்பைக் கடையாமலே தடித்த அச்சைப் போட முடியும். அந்த அச்சைச் சாதாரண இரும்பில் செய்யாமல் இஎன் 24 என்னும் வலுவான கலப்பு எஃகில் கடையச் சொல்லுங்கள். 6002 பேரிங் 1 மி.மீ. அகலம் குறைந்தது என்பதால், இரு பேரிங்குகளுக்கும் நடுவிலுள்ள இடைக்குழாயின் நீளத்தை அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

சக்கரம் திரும்பும் கிங்பின்னின் மேல்முனை சுமார் 10 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இந்தச் சாய்வுதான் ஸ்டியரிங்கை விட்டதும் சக்கரங்களை நேர்நிலைக்குக் கொண்டுவருகிறது. அடுத்து, ஒவ்வொரு கிங்பின்னிலிருந்தும் பின் அச்சின் நடுப்புள்ளிக்கு ஒரு நூல் கட்டுங்கள்; இரு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராடு இணையும் துளை அந்த நூலின் மேல் அமையுமாறு, கிங்பின்னோடு திரும்பும் ஸ்டியரிங் கையைப் பற்றவையுங்கள். வளைவில் உட்புறச் சக்கரம் வெளிப்புறச் சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இந்த அமைப்பு அதை ஏறத்தாழச் சரியாகச் செய்துவிடும். ஸ்டியரிங் இணைப்புகள் எல்லாவற்றிலும் நட்டு தானாகக் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் அல்லது நைலாக் நட்டு கட்டாயம் இருக்க வேண்டும்.

நான்காம் படி: பின் அச்சு, பிரேக், இன்ஜின்

25 மி.மீ. அச்சுத்தண்டை இரண்டு யுசிபி 205 பிலோ பிளாக்குகளில் (பேரிங் பொருத்திய தாங்கிகளில்) தாங்க வைத்து, இடது சக்கரத்தை மட்டும் சாவித்துண்டு செருகி, தண்டோடு சேர்ந்து சுழலுமாறு இணையுங்கள். வலது சக்கரம், படிவைத்துக் கடைந்த முனையில், தன் பேரிங்கில் தானாகச் சுழலட்டும். இரண்டையும் இணைத்தால், இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் இல்லாத கார் வளைய மறுத்து நேராகத் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் அச்சில் மட்டும் பிரேக் வைத்தால் ஒரு சக்கரமே நிற்கும் என்பதால், வலது சக்கரத்தின் டிரம் பிரேக்கையும் தக்கவைத்து, அதன் தட்டு சுழலாதபடி சேஸிஸில் கட்டி, இரண்டு பிரேக்குகளையும் சமன்செய்யும் ஒரு தண்டின் வழியாக ஒரே பெடலில் இணையுங்கள்.

இன்ஜின் இருக்கைக்குப் பின்னால் இருக்கட்டும். அதற்கும் செயினுக்கும் நடுவில் பெல்ட்டில் இயங்கும் டார்க் கன்வெர்ட்டர் வைத்தால், கியர் மாற்றும் வேலை இல்லை. 10 பல், 60 பல் ஸ்ப்ராக்கெட்டுகள் 6:1 விகிதம் தரும். 3,600 ஆர்பிஎம்மில் சக்கரம் நிமிடத்துக்கு 600 முறை சுழலும், சுற்றளவு 1.67 மீட்டர் என்பதால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கி.மீ. தரையை ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்கு இதுவே மிகுதியான வேகம். மேலும் வேகம் வேண்டி இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அளவு மீறிச் சுழலும் ஃப்ளைவீல் உடைந்து சிதறினால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் சிதறும். இன்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவே இரும்புத் தகட்டுத் தடுப்பு, செயினுக்கும் பெல்ட்டுக்கும் உறை, கைக்கு எட்டும் இடத்தில் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் ஆகிய மூன்றும் இல்லாமல் ஸ்டார்ட்டர் கயிற்றைக்கூட இழுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: உடல்

புகாட்டியை அடையாளம் காட்டுவது குதிரைலாட வடிவ ரேடியேட்டர் முகப்பும், பின்னால் கூராக முடியும் வாலும்தான். முகப்பைப் பட்டை இரும்பில் வளைத்து, உள்ளே கம்பி வலை பொருத்துங்கள். உடலின் குறுக்கு வடிவங்களை 9 மி.மீ. பிளைவுட்டில் வெட்டி நிறுத்தி, முதலில் அட்டையைச் சுற்றிப் பொருத்திப் பார்த்து, அந்த அட்டையை வைத்து 1 மி.மீ. அலுமினியத் தகட்டை வெட்டி ரிவெட் அடியுங்கள். தகடு ஒரே திசையில் மட்டும் வளையுமாறு வடிவத்தைத் திட்டமிட்டால், சுத்தியலால் தட்டி உருவாக்கும் திறமை தேவைப்படாது; வாலையும் இரு பக்கத் தகடுகளாகப் பிரித்தால் போதும். பானெட்டின் மேல் ஒரு தோல் வார் கட்டினால் அக்காலத் தோற்றம் உடனே வந்துவிடும். நிறம் நீலம், அந்நாளில் பிரெஞ்சுக் கார்களுக்குரிய பந்தய நிறம்.

ஆறாம் படி: ஓட்டிப் பார்த்தல்

பதிவு செய்யாத வாகனமாதலால் இதைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. தனியார் மைதானமோ மண் தரையோ வேண்டும்; மண் தரையே மேல். மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்வதால் அதன் ஸ்போக்குகளுக்குப் பக்கவாட்டு அழுத்தம் அதிகம் வருவதில்லை. நம் கார் சாயாது. டயர் வழுக்கிச் செல்லும் மண் தரையில் அந்த அழுத்தம் ஓரளவு தணிகிறது. முதலில் இன்ஜினை இயக்காமல் நண்பரைத் தள்ளச் சொல்லிப் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சோதியுங்கள். பின்னர் ஹெல்மெட் அணிந்து, நடை வேகத்தில் சில வட்டங்கள் சுற்றி நிறுத்தி, எல்லா ஸ்போக்குகளையும் ஒரு சிறு ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். மந்தமாக ஒலிப்பதை முறுக்கி, கிங்பின் நட்டுகளையும் பிலோ பிளாக் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிய பிறகே வேகத்தைக் கூட்டுங்கள்.