சிடி4 ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எதை முதல்ல பாக்கணும், எதுக்கு பயப்படணும்

எச்ஐவிக்கு ஏஆர்டி மாத்திரை எடுக்கறவங்க, அவங்க வீட்டுக்காரங்க, எல்லாரும் ரிப்போர்ட்டை பிரிச்சதும் தேடறது ஒரே ஒரு நம்பரைத்தான், ரத்தத்துல சிடி4 செல் எத்தனை இருக்குன்ற நம்பர். போன தடவை 412, இந்த தடவை 340, அவ்ளோதான், அன்னிக்கு சோறு இறங்காது. அதே ஆளுக்கு அடுத்த வருஷம் 620 வந்துட்டா "இனி மாத்திரை எதுக்கு, கொஞ்ச நாள் நிறுத்திப் பாப்போமே"ன்னு ஒரு எண்ணம் வரும் பாருங்க, உண்மையிலயே பயப்பட வேண்டியது அந்த எண்ணத்துக்குத்தான்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கலாம். சிடி4ன்றது டி செல்னு சொல்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுவுல ஒரு வகை, மத்த எதிர்ப்பு செல்களை ஏவி வேலை வாங்கறது இதுதான், எச்ஐவி போயி ஒட்டறதும் இதுலதான். தொற்று வந்த முதல் சில வாரத்துலயே குடல் சுவத்துல இருக்கற சிடி4 செல்கள் பெரும்பாலும் அழிஞ்சு போயிடுது, கையில குத்தி எடுக்கற ரத்தத்துல அந்த இழப்பு முழுசா தெரியாது. குடல் சுவர் பலவீனமானதும் அங்க இருக்கற பாக்டீரியாவோட துணுக்குகள் ரத்தத்துல கசிய ஆரம்பிக்கும், அதைப் பாத்து எதிர்ப்பு சக்தி வருஷக்கணக்கா முறுக்கிக்கிட்டே இருக்கும். இதை அடக்கி வைக்கற டி ரெக் செல்கள் இருக்கே, அதுல முக்காவாசி சிடி4 வகையைச் சேர்ந்ததுதான், அதனால பிரேக்கும் சேந்து கெட்டுப்போகுது. ஆக செல் குறையறது ஒரு பிரச்சனை, மிச்சம் இருக்கறது அடங்காம எரிஞ்சுக்கிட்டே இருக்கறது இன்னொரு பிரச்சனை. சிடி4 நம்பர் முதல் பிரச்சனையைத்தான் காட்டும்.

சரி, இப்ப ரிப்போர்ட். மாத்திரை எடுக்கறவங்க முதல்ல பாக்க வேண்டியது வைரல் லோடு, அதாவது ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்ற கணக்கு. அது அடங்கி இருந்தா சிடி4 கொஞ்சம் இறங்கினதுக்கு அலற வேண்டாம். மாத்திரை ஆரம்பிச்சு 6வது மாசம், 12வது மாசம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை ஏஆர்டி சென்டர்லயே இலவசமா எடுப்பாங்க, அந்த தேதியை மட்டும் தவற விடாதீங்க.

அடுத்தது சிடி4 சதவீதம். இதை பாதிப் பேரு பாக்கறதே இல்ல, ஆனா எனக்கு இதுதான் ரிப்போர்ட்லயே நம்பகமான வரி. மேல சொன்ன ஆளையே எடுத்துக்குங்க, போன தடவை லிம்போசைட் (சிடி4ம் சேர்ந்த வெள்ளணு வகை) மொத்தம் 1870, அதுல 22 சதவீதம், கணக்கு போட்டா 411 கிட்ட வரும். இந்த தடவை லிம்போசைட் 1545, அதே 22 சதவீதம், 340. அதாவது சிடி4 பங்கு அப்படியேதான் இருக்கு, மொத்த லிம்போசைட்தான் அன்னிக்கு கம்மி. சளி காய்ச்சல் வந்திருந்தா, ஸ்டீராய்டு மாத்திரை எடுத்திருந்தா, கர்ப்பமா இருந்தா இப்படி ஆகும், காலைல எடுத்தா கம்மியாவும் சாயங்காலம் எடுத்தா கூடவும் காட்டும். அதனால முடிஞ்சவரைக்கும் ஒரே லேப், ஒரே நேரம், காய்ச்சல் விட்டு ரெண்டு மூணு வாரம் கழிச்சு எடுங்க. சதவீதம் 14க்கு கீழ போனாத்தான் அது கிட்டத்தட்ட 200க்கு கீழ போன மாதிரி. அஞ்சு வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்கு சதவீதத்தைத்தான் பாப்பாங்க.

நம்பர் நிஜமாவே கம்மின்னா எங்கெங்க உஷாரா இருக்கணும்? நம்ம ஊர்ல கோட்ரைமாக்சசோல் மாத்திரையை 350க்கு கீழ இருந்தாலே குடுப்பாங்க, அது நிமோனியா வராம தடுக்க, "இது எதுக்கு கூட ஒண்ணு"ன்னு தூக்கி வெச்சுடாதீங்க. 200க்கு கீழ எம்எம்ஆர், அம்மைத் தடுப்பூசி மாதிரி உயிருள்ள தடுப்பூசி வேண்டாம். 100க்கு கீழன்னா கிரிப்டோகாக்கல் டெஸ்ட் (மூளையைத் தாக்கற ஒரு பூஞ்சைக்கானது) எடுத்தாச்சான்னு நீங்களே கேளுங்க, விடாத தலைவலியை வெயிலுக்குன்னு விடக்கூடாது. 50க்கு கீழ பார்வை மங்கினா, கண்ணுல புள்ளி பறக்கற மாதிரி இருந்தா அன்னிக்கே கண் டாக்டர். டிபி மட்டும் எந்த நம்பர்லயும் வரும், இருமல், காய்ச்சல், எடை குறையறது, ராத்திரி வேர்வை, இந்த நாலுல ஒண்ணு இருந்தாலும் சொல்லிடணும்.

மாத்திரை ஆரம்பிச்ச முதல் சில மாசத்துல ஒரு குழப்பம் வரும். நம்பர் ஏறும், ஆனா திடீர்னு கழுத்துல நெறி கட்டும், காய்ச்சல் அடிக்கும், "மாத்திரை ஒத்துக்கல"ன்னு நிறுத்திடுவாங்க. திரும்பி வர்ற செல்கள் உள்ள பதுங்கி இருந்த டிபி மாதிரி கிருமியைப் பாத்து ஒரேடியா பாயறதுதான் இது, டாக்டர்கள் ஐரிஸ்னு சொல்லுவாங்க. நீங்களா நிறுத்தாதீங்க, உடனே சென்டருக்குப் போங்க, அவங்க உள்ள இருக்கற கிருமிக்கு மருந்து குடுப்பாங்க, தேவைப்பட்டா கொஞ்ச நாள் ஸ்டீராய்டு தருவாங்க.

இப்ப அந்த 620 விஷயம். சிடி4 350க்கு மேல போனா மாத்திரையை நிறுத்தறது, 250க்கு கீழ வந்தா திரும்ப ஆரம்பிக்கறதுன்னு ஸ்மார்ட்ன்ற ஆய்வுல 5,472 பேரை வெச்சு பாத்தாங்க, நிறுத்தி நிறுத்தி எடுத்தவங்களுக்கு சந்தர்ப்பவாத நோயோ (எதிர்ப்பு சக்தி குறைஞ்சப்ப பாத்து வர்ற நோய்) சாவோ வர்ற வாய்ப்பு 2.6 மடங்கு, இதயம், கிட்னி, லிவர் பிரச்சனையும் கூட, அதனால 2006ல பாதியிலயே நிறுத்திட்டாங்க. நம்பர் நல்லா இருக்கறப்பவே இது நடந்துச்சு, ஏன்னா மருந்து நின்னதும் அந்த எரிச்சல் திரும்ப கிளம்பிடுது. 2015ல வந்த ஸ்டார்ட் ஆய்வு இதையே மறுபக்கத்துல இருந்து காட்டுச்சு, 500க்கு மேல இருக்கறப்பவே மருந்து ஆரம்பிச்சவங்களுக்கு பெரிய நோய் வர்றது 57 சதவீதம் குறைஞ்சுது. 2017ல இருந்து இந்தியாவுலயும் நம்பர் என்னவா இருந்தாலும் உடனே மருந்துதான்.

வைரஸ் அடங்கின பிறகும் அந்த எரிச்சல் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது ரத்தக்குழாயைத்தான் பதம் பாக்கும். அதனால 40 தாண்டினவங்க பிபி, சுகர், கொலஸ்ட்ரால் மூணையும் பாத்து, ஸ்டேட்டின்ற கொலஸ்ட்ரால் மாத்திரை வேணுமான்னு டாக்டர் கிட்ட கேளுங்க, 2023ல வந்த ரிப்ரீவ் ஆய்வுல தினம் பிட்டாவாஸ்டாட்டின்ற ஸ்டேட்டின் எடுத்தவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய பாதிப்பு 35 சதவீதம் குறைஞ்சுது. பீடி சிகரெட்டை விடறதுக்கு எந்த டாக்டர் கிட்டயும் கேக்க வேண்டாம்.

கடைசியா ஒண்ணு, டோலுடெக்ராவிர்ன்ற எச்ஐவி மருந்து இருக்கற மாத்திரையை ஜெலுசில் மாதிரி அசிடிட்டி மருந்தோட சேத்து முழுங்காதீங்க, அசிடிட்டி மருந்துக்கு 2 மணி நேரம் முன்னாடியோ, அது எடுத்து 6 மணி நேரம் கழிச்சோ டோலுடெக்ராவிரைப் போடுங்க. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதே கணக்குதான், சாப்பாட்டோட எடுத்தா மட்டும் ஒண்ணா எடுக்கலாம். டிபிக்கு ரிஃபாம்பிசின் ஆரம்பிச்சா டோலுடெக்ராவிர் இன்னொரு வேளை கூட போடணும், டிபி டாக்டர் வேற, ஏஆர்டி டாக்டர் வேறன்னா ரெண்டு பேருக்கும் நீங்களே சொல்லிடுங்க. கேக்க ஆள் இல்லன்னா 1097ன்ற எச்ஐவி ஹெல்ப்லைனுக்கு போன் போடுங்க, காசு கிடையாது, பேரும் சொல்ல வேண்டாம்.